ஏரி மேல் புகை, ஹோட்டல் காரிடாரில் கிடார்: வாசகர் கேள்விகள்

போன இதழில் எனக்குப் பிடித்த பழைய ராக் ஆல்பங்கள் என்று ஒரு பட்டியல் போட்டபோது, பிரிட்டனின் டீப் பர்ப்பிள் என்ற ராக் குழுவின் 'மெஷின் ஹெட்' (1972) ஆல்பத்துக்கு இரண்டே வரிதான் ஒதுக்கியிருந்தேன். 'தீப்பிடித்ததால் பிறந்த ஆல்பம்' என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். வந்த கடிதங்களில் பாதி அதைப் பிடித்துக்கொண்டு கேள்வி மேல் கேள்வி. சரி, இந்த முறை அரசியல், சினிமா கேள்விகளுக்கெல்லாம் லீவு. முழுக்க இதுதான்.

ஹார்ட் ராக் என்றால் வெறும் சத்தம்தானே? அதில் என்ன இருக்கிறது என்று இவ்வளவு தூக்கிப் பிடிக்கிறீர்கள்?
(சேலம் வாசகர்)

சத்தம்தான், மறுக்கவில்லை. ஆனால் யார் போடுகிற சத்தம் என்று பாருங்கள். ஆர்கன் வாசித்த ஜான் லார்ட் முறையாக மேற்கத்திய சாஸ்திரிய இசை படித்தவர், 1969ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ராயல் ஃபில்ஹார்மானிக் இசைக்குழுவோடு ராக் குழுவைச் சேர்த்து வாசிக்க ஒரு முழு நீளக் கான்செர்டோவே (தனி வாத்தியங்களும் பெரிய இசைக்குழுவும் மாறி மாறி வாசிக்கும் சாஸ்திரிய இசை வடிவம்) எழுதியவர். பாடகர் இயன் கில்லன், 'ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்' என்ற ராக் இசை நாடகம் முதன்முதலில் 1970ல் ஆல்பமாக வந்தபோது அதில் இயேசுவாகப் பாடியவர். கிடார் ரிட்சி பிளாக்மோர், பேஸ் கிடார் ராஜர் குளோவர், டிரம்ஸ் இயன் பெய்ஸ். 1970ல் 'இன் ராக்' ஆல்பத்தில்தான் இவர்கள் ஒலியைக் கூட்டி வைத்தார்கள், அப்புறம் குறைக்கவே இல்லை. வாசிக்கத் தெரிந்தவர்கள் கூட்டி வைத்த ஒலி அது. வித்தியாசம் கேட்டால் தெரியும்.

தீப்பிடித்தது நிஜமாகவே நடந்ததா, இல்லை விளம்பரத்துக்காகக் கட்டிய கதையா?
(திருநெல்வேலி வாசகர்)

நிஜம். 1971 டிசம்பர் 4, சனிக்கிழமை, ஸ்விட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரையில் இருக்கும் மோன்த்ரோ என்ற ஊர். அங்குள்ள கேசினோவில், பெயர் கேசினோ என்றாலும் உள்ளே பெரிய கச்சேரி அரங்கமும் உண்டு, அன்று பிற்பகல் அமெரிக்காவின் ஃபிராங்க் ஜாப்பாவும் அவருடைய 'மதர்ஸ் ஆஃப் இன்வென்ஷன்' குழுவும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். குளிர்காலத்துக்குக் கேசினோவை மூடுவதற்கு முன் அதுதான் கடைசிக் கச்சேரி. அது முடிந்ததும் காலியான அரங்கத்தை டீப் பர்ப்பிள் எடுத்துக்கொண்டு ஆல்பத்தைப் பதிவு செய்வதாக ஏற்பாடு. வந்ததுதான் வந்தோம், ஜாப்பாவையும் கேட்டுவிடலாம் என்று இவர்களும் ரசிகர்களோடு ரசிகர்களாகப் போய் உட்கார்ந்திருந்தார்கள்.

கச்சேரி நடுவில் கூட்டத்திலிருந்து ஒரு ஆசாமி, கப்பலில் ஆபத்துக்கு அடையாளமாகச் சுடுவார்களே அந்த மாதிரி ஒரு வெளிச்சக் குண்டைக் கூரையைப் பார்த்துச் சுட்டான். கூரையெல்லாம் பிரம்பு அலங்காரம். முதலில் கொஞ்சம் புகை. பதற்றப்படாமல் வெளியே போங்கள் என்று ஜாப்பா மேடையிலிருந்தே சொல்கிறார். கொஞ்ச நேரத்தில் கட்டடம் முழுக்கப் பற்றிக்கொண்டது. நல்லவேளை, ஒரு உயிர் போகவில்லை. மோன்த்ரோ ஜாஸ் விழாவை 1967ல் தொடங்கி நடத்திவந்த குளோட் நோப்ஸ் உள்ளே ஓடிப்போய் இளைஞர்கள் சிலரை இழுத்து வெளியே கொண்டுவந்தார். ஜாப்பா குழுவின் வாத்தியங்கள் மொத்தமும் சாம்பல். மலையிலிருந்து இறங்கிய காற்று புகையைத் தள்ளிக்கொண்டுபோய் ஏரி மேல் பரப்ப, அதை டீப் பர்ப்பிள் ஆட்கள் கரையிலிருந்த ஹோட்டல் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்களாம்.

ஓரிரு நாள் கழித்துத் தூக்கத்திலிருந்து விழித்த குளோவரின் வாயில் தானாக வந்த வார்த்தைகள்தான் 'ஸ்மோக் ஆன் த வாட்டர்', அதாவது தண்ணீர் மேல் புகை. தலைப்பு ஏதோ போதைப் பாட்டு மாதிரி இருக்கிறதே என்று முதலில் தயங்கியிருக்கிறார்கள். பாட்டைக் கவனித்துக் கேட்டுப் பாருங்கள், கவித்துவம் என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. ஊர் பெயர், ஜாப்பா பெயர், குளோட் பெயர், துப்பாக்கி, இடம் தேடி அலைந்தது, கடைசியில் கிடைத்த ஹோட்டல் என்று வரிசையாக நடந்ததைச் சொல்கிற, உள்ளூர் நிருபர் அனுப்பிய செய்தி மாதிரியான பாட்டு. எனக்கு அதில் பிடித்ததே அதுதான்.

ஹோட்டல் காரிடாரில் உட்கார்ந்து பதிவு செய்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இவ்வளவு பெரிய குழுவுக்கு ஒரு ஸ்டூடியோ கிடைக்கவில்லையா?
(கோவை வாசகி)

கிடைக்காமல் என்ன, வேண்டாம் என்றுதான் வந்தார்கள். அதற்கு முந்தைய ஆல்பமான 'ஃபயர்பால்' ஊர் ஊராகக் கச்சேரி செய்துகொண்டே, இடையில் கிடைத்த நாட்களில் துண்டு துண்டாகப் பதிவானது. அதில் அவர்களுக்கே முழுத் திருப்தி இல்லை. மேடையில் வருகிற சூடு ஸ்டூடியோவில் வரவில்லை என்பது இன்னொரு குறை. அதனால் ஒரு கச்சேரி அரங்கத்தை ஆளில்லாமல் எடுத்துக்கொண்டு, மேடையில் வாசிப்பது போலவே ஐந்து பேரும் சேர்ந்து வாசித்து, வெளியே ஒரு லாரியில் அதைப் பதிவு செய்வது என்று திட்டம். அந்த லாரி ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்குச் சொந்தமானது. உள்ளே முழு ரெக்கார்டிங் வசதி, சக்கரம் வைத்த ஸ்டூடியோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே வருடம் பிரான்ஸில் ஸ்டோன்ஸ் குழுவினரே அதை வைத்துப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள், லெட் செப்பெலினும் வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள்.

லாரி வந்துவிட்டது, அரங்கம் எரிந்துவிட்டது. குளோட் நோப்ஸ் ஓடியாடி ஊருக்கு நடுவில் பவிலியன் என்ற இன்னொரு அரங்கத்தைப் பிடித்துக் கொடுத்தார். ராத்திரியில் வாசிக்க ஆரம்பித்தால் அக்கம்பக்கம் தூங்க வேண்டாமா? புகார் போய்ப் போலீஸ் வந்து கதவைத் தட்ட, சாமான் தூக்கும் உதவியாளர்கள் உள்பக்கமிருந்து கதவை அழுத்திப் பிடித்துக்கொள்ள, அந்த இடைவெளியில் ஒரு பாட்டின் வாத்தியப் பகுதி மட்டும் ஒழுங்காகப் பதிவாகி முடிந்தது. அதற்கு அப்போது பெயர்கூட இல்லை, 'டைட்டில் நம்பர் 1' என்று டேப்பில் எழுதி வைத்தார்கள். அதோடு பவிலியனைக் காலி செய்ய வேண்டியதாயிற்று.

மறுபடி இடம் தேடி அலைந்து கிடைத்ததுதான் கிராண்ட் ஹோட்டல். குளிர்காலத்துக்கு மூடிக் கிடந்தது, ஆள் இல்லை, வெறிச்சென்று குளிர். கீழ்த்தளக் காரிடாரில் டிரம்ஸை வைத்து, எதிரொலியை அடக்க அறைகளிலிருந்த மெத்தைகளை உருவிவந்து சுற்றிலும் நிறுத்தி, ஆளுக்கொரு மூலையில் நின்று வாசித்தார்கள். வாசித்தது எப்படி வந்திருக்கிறது என்று லாரியில் போய்க் கேட்க வேண்டுமானால் அறைக்குள் நுழைந்து, பால்கனியில் இறங்கி, பனியில் முற்றம் தாண்டி என்று ஒரு யாத்திரையே போக வேண்டும். இரண்டொரு தடவை போய்ப் பார்த்தார்கள், அப்புறம் விட்டுவிட்டார்கள். நன்றாக வந்த மாதிரி மனசுக்குப் பட்டால் அடுத்த பாட்டுக்குப் போய்விடுவது, மற்றதை லாரியில் இருக்கிற ஒலிப்பதிவாளர் மார்ட்டின் பர்ச் பார்த்துக்கொள்வார் என்று.

இந்த ஆல்பத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது என்பேன். வாசித்ததைத் திரும்பத் திரும்பக் கேட்டு, இங்கே கொஞ்சம் சரிசெய்யலாம், அங்கே கொஞ்சம் சேர்க்கலாம் என்று நோண்டுகிற வாய்ப்பே இல்லாமல் போனதால்தான் ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் காதால் துரத்திக்கொண்டு வாசிக்கிறார்கள். அதே நேரம், மூடிய ஹோட்டலும் நாலு மெத்தையும் இருந்தால் யார் வேண்டுமானாலும் இப்படி ஒன்று செய்துவிடலாம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். 'ஹைவே ஸ்டார்' மாதிரிப் பாட்டுகளை மாதக்கணக்கில் மேடையில் வாசித்துக் கைக்குள் கொண்டுவந்துவிட்டுத்தான் அங்கே போனார்கள். டிசம்பர் 6ல் ஆரம்பித்து 21ல் முடித்துவிட்டார்கள். லாரியில் உட்கார்ந்திருந்த பர்ச் பின்னால் பிளாக் சாபத், அயர்ன் மெய்டன் குழுக்களின் முக்கியமான ஆல்பங்களை உருவாக்கியவர். 2020ல் காலமானார்.

'மெஷின் ஹெட்' என்றால் இயந்திரத் தலையா?
(நாகர்கோவில் வாசகர்)

கிடாரின் தலைப்பகுதியில் தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் திருகாணிக்கு அந்தப் பெயர். நம் வீணையில் பிருடை என்போமே, அதேதான். 'பிருடை' என்று ஒரு ஆல்பத்துக்குப் பெயர் வைத்தால் இங்கே எடுபடுமா தெரியாது.

என் மகன் கிடார் வகுப்பில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. காலை மாலை அந்த 'டங் டங் டங்' மட்டும்தான். நான் வாய்ப்பாட்டு சொல்லிக் கொடுப்பவள், காது வலிக்கிறது. அந்த நாலு ஸ்வரத்தில் அப்படி என்னதான் இருக்கிறது?
(கும்பகோணம் வாசகி)

அம்மா, உங்களுக்குப் புரிகிற பாஷையிலேயே சொல்கிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள். உங்கள் மகன் வாசிப்பது 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' ரிஃப், அதாவது பாட்டு முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் கிடார் வரி. அது இவ்வளவுதான்: ச கி ம, ச கி மி ம, ச கி ம, கி ச. சாதாரண காந்தாரம் (கி) ஒன்று, அப்புறம் சுத்த மத்யமம் (ம), பிரதி மத்யமம் (மி) இரண்டுமே. நம் கர்நாடக ராகங்களில் இரண்டு மத்யமமும் ஒன்றை ஒட்டி ஒன்று இப்படி வருவது அபூர்வம். ராக்குக்குத் தாய்வீடான அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையில் அது அன்றாடச் சங்கதி. முதல் தடவை 'ச கி ம' என்று நின்று, இரண்டாம் தடவை அதே ஏறுமுகத்தில் 'மி'யைத் தொட்டுவிட்டு 'ம'வில் வந்து விழுகிறதே, அந்த ஒரு சறுக்கல்தான் கொக்கி. அதை எடுத்துவிட்டு வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள், உப்பில்லாத ரசம்.

இன்னொரு விஷயம். பிளாக்மோர் ஒற்றைத் தந்தியில் இதை வாசிக்கவில்லை. ஒவ்வொரு ஸ்வரத்தோடும் அதற்குக் கீழே நாலாவது ஸ்வரத்தையும் சேர்த்து, பக்கத்துப் பக்கத்துத் தந்திகள் இரண்டையும் ஒரே நேரத்தில் விரலால் கிள்ளி வாசிக்கிறார், கையில் பிளெக்ட்ரம் (தந்தியை மீட்டும் சின்னத் தகடு) கிடையாது. கிடார் கடைகளில் வாசித்துப் பார்க்கிற பிள்ளைகளில் பெரும்பாலோர் நாலாவதுக்குப் பதில் அஞ்சாவதைச் சேர்த்துப் பிளெக்ட்ரத்தால் அறைவார்கள். கேட்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் அந்த வெண்கல மணி அடித்தாற்போன்ற கூர்மை வராது. உங்கள் மகன் எப்படி வாசிக்கிறான் என்று எட்டிப் பாருங்கள். அறைந்தால், கிள்ளச் சொல்லுங்கள். வீட்டில் சத்தமும் கொஞ்சம் குறையும்.

இதில் பாதிப் பங்கு ஆர்கனுக்கு. ஜான் லார்ட் தன் ஹேமண்ட் என்ற மின்சார ஆர்கனை வழக்கமான ஸ்பீக்கரில் விடாமல் கிடார்காரர்கள் வைத்துக்கொள்ளும் மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் கொடுத்தார், அது கிடார் போலவே கரகரவென்று உறுமியது. பாட்டின் தொடக்கத்தில் கிடார் தனியாக வரும், அப்புறம் ஆர்கன் வந்து சேரும்போது இன்னொரு கிடார் என்று ரொம்ப நாள் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஆல்பத்தில் சிறந்த பாட்டு 'ஸ்மோக் ஆன் த வாட்டர்'தானே?
(பாண்டிச்சேரி வாசகர்)

புகழ்பெற்றது அது. சிறந்தது 'ஹைவே ஸ்டார்', என்னைக் கேட்டால். 1971ல் ஒரு கச்சேரிக்குப் பஸ்ஸில் போர்ட்ஸ்மத் போய்க்கொண்டிருந்தபோது, கூட வந்த பத்திரிகையாளர் ஒருவர் 'நீங்கள் எப்படிப் பாட்டு எழுதுகிறீர்கள்' என்று கேட்க, 'இப்படித்தான்' என்று பிளாக்மோர் கையிலிருந்த கிடாரில் ஒரே சுரத்தைத் தட்ட ஆரம்பிக்க, கில்லன் வாய்க்கு வந்த வார்த்தைகளைப் போட்டுப் பாட, அன்று ராத்திரியே மேடையேறிவிட்டது. ஆனால் அதன் நடுவில் வரும் கிடார் தனி ஆவர்த்தனம் அப்படிப் போகிற போக்கில் வந்ததில்லை. ஜெர்மன் இசை மேதை பாக் எழுதிய இசையில் வருகிற மாதிரிப் படிப்படியாக இறங்கும் ஸ்வரக் கோவையை ஒவ்வொரு சுரமாக முன்கூட்டியே கட்டி வைத்துக்கொண்டு வாசித்தார் பிளாக்மோர், வழக்கமாக அந்தந்த நேரத்துக்குத் தோன்றியதை வாசிக்கிற ஆள் அவர். பின்னால் வேகமும் சாஸ்திரிய இசையும் கலந்து வாசித்த ஒரு பெரிய கிடார் பட்டாளமே, ஸ்வீடனின் இங்வே மால்ம்ஸ்டீன் உட்பட, இந்த வீட்டிலிருந்து கிளம்பியதுதான்.

'லேசி' கேளுங்கள், முதல் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆர்கன் ராஜ்ஜியம். 'ஸ்பேஸ் டிரக்கின்' ஜாலியானது. 'மேபி ஐ'ம் எ லியோ' எனக்குச் சுமார்தான், ரசிகர்கள் கோபிக்க வேண்டாம்.

குழுவுக்கே எது ஹிட் ஆகும் என்று தெரியவில்லை என்று ஒரு நண்பர் சொன்னார். அப்படியா?
(ஈரோடு வாசகர்)

ரொம்பச் சரி. அவர்கள் நம்பியது 'நெவர் பிஃபோர்' என்ற பாட்டை. ரேடியோவுக்கு ஏற்ற அளவு, கேட்டதும் பிடித்துக்கொள்ளும் மெட்டு என்று அதற்குத்தான் அதிகம் மெனக்கெட்டு முதல் சிங்கிளாக (ஒரு பாட்டை முன்னிறுத்தித் தனியாக விற்கும் சின்ன இசைத்தட்டு) விட்டார்கள். பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 35ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. இன்றைக்கு டீப் பர்ப்பிள் பிரியர்களிடம்கூட அதைப் பாடிக் காட்டச் சொன்னால் தலையைச் சொறிவார்கள்.

போலீஸ் கதவைத் தட்டும்போது பதிவான 'டைட்டில் நம்பர் 1' மூலையில் கிடந்தது. கடைசியில் கணக்குப் பார்த்தால் ஆல்பத்துக்குச் சில நிமிடங்கள் குறைகிறது. அப்போதுதான் தூசி தட்டி எடுத்து, தீ விபத்துக் கதையை அதில் ஏற்றிப் பாடினார்கள். அதுதான் 'ஸ்மோக் ஆன் த வாட்டர்'. 1972 மார்ச்சில் ஆல்பம் வந்தது, பிரிட்டனில் முதலிடம் பிடித்தது, அப்போதும் அந்தப் பாட்டைத் தனி சிங்கிளாகப் போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒரு வருடம் தாண்டி 1973ல் அமெரிக்காவில் வெளியிட்டபோது நாலாம் இடம் வரைக்கும் ஏறியது.

இதைவிட வேடிக்கை ஒன்று இருக்கிறது. அதே ஹோட்டலில் 'வென் எ பிளைண்ட் மேன் கிரைஸ்' என்று மெதுவான, நெஞ்சைப் பிசைகிற ஒரு பாட்டையும் பதிவு செய்தார்கள். பிளாக்மோருக்குப் பிடிக்கவில்லை. ஆல்பத்திலிருந்து தூக்கிவிட்டு 'நெவர் பிஃபோர்' இசைத்தட்டின் மறுபக்கத்தில் போட்டுவிட்டார்கள். 2012ல் 'மெஷின் ஹெட்'டுக்கு மரியாதை செய்து பல குழுக்கள் சேர்ந்து ஒரு ஆல்பம் கொண்டுவந்தபோது, அமெரிக்காவின் பிரபல ஹெவி மெட்டல் குழுவான மெட்டாலிக்கா வாசிக்க எடுத்துக்கொண்டது எதை தெரியுமா? ஆல்பத்திலேயே இல்லாத அந்தப் பாட்டைத்தான்!

இவ்வளவு பெரிய வெற்றிக்கு அப்புறம் குழு என்ன ஆயிற்று?
(வேலூர் வாசகி)

சண்டை. 1973 ஜூன் மாதம் கில்லனும் குளோவரும் வெளியே. ஓய்வில்லாமல் ஊர் சுற்றியதும் கில்லனும் பிளாக்மோரும் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளாததும் காரணம். அப்புறம் சேர்ந்தார்கள், பிரிந்தார்கள், அது நம் கூட்டுக் குடும்பக் கதை மாதிரி நீளும். 2016ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கொடுத்தார்கள், வரவேற்றுப் பேசியவர் மெட்டாலிக்காவின் டிரம்ஸ்காரர் லார்ஸ் உல்ரிச். சின்னப் பையனாக அவர் பார்த்த முதல் ராக் கச்சேரியே 1973ல் கோபன்ஹேகனில் இவர்களுடையதுதான். ஜான் லார்ட் அதைப் பார்க்க இல்லை, 2012லேயே போய்விட்டார்.

நீங்கள் முதலில் இதை எங்கே கேட்டீர்கள்?
(மதுரை வாசகர்)

கேசட்டில். அந்தக் காலத்தில் கடையில் காலி கேசட் வாங்கிக் கொடுத்து, பட்டியல் எழுதிக் கொடுத்தால் ஒரு வாரத்தில் பதிவு செய்து தருவார்கள். நான் கொடுத்தது 60 நிமிடக் கேசட், பக்கத்துக்கு 30 நிமிடம். ஆல்பம் மொத்தமே 37 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். கடைக்காரர் எந்தப் பாட்டு எங்கே முடிகிறது என்றெல்லாம் பார்க்காமல் ஓடவிட்டுப் போய்விட்டார் போல. 'லேசி'யில் கில்லன் பாடி முடித்துக் கிடாரும் ஆர்கனும் சூடு பிடிக்கிற இடத்தில் டக்கென்று கேசட் நின்றுவிடும். திருப்பிப் போட்டால் 'ஸ்பேஸ் டிரக்கின்'. அந்தப் பாட்டு முடிவதே அப்படித்தான் போலிருக்கிறது, என்ன துணிச்சல் என்று பல வருடம் வியந்துகொண்டிருந்தேன். சிடி வாங்கிய பிறகுதான் உண்மை தெரிந்தது. இப்போதும் அந்த இடம் வரும்போது கை தானாகப் பட்டனுக்குப் போகிறது.

இப்போது கேட்க வேண்டும் என்றால் எந்தப் பதிப்பை வாங்குவது? ஏகப்பட்ட பதிப்புகள் இருக்கின்றன.
(தஞ்சாவூர் வாசகர்)

முதலில் 1972ல் வந்த அசல் கலவை, அதாவது தனித்தனியாகப் பதிவான வாத்தியங்களையும் குரலையும் அளவு பார்த்து ஒன்றுசேர்த்த அந்த முதல் வடிவம். அதைக் கேட்டுப் பழகின பிறகு 'மேட் இன் ஜப்பான்', 1972 ஆகஸ்டில் ஒசாகா, டோக்கியோ கச்சேரிகளில் பதிவானது. 'மெஷின் ஹெட்' பாட்டுகள் மேடையில் எப்படி ஊதிப் பெருகின என்று தெரியும், 'ஸ்பேஸ் டிரக்கின்' மட்டுமே எல்பியின் ஒரு முழுப் பக்கத்தை எடுத்துக்கொள்ளும். 1997ல் ஆல்பத்துக்கு 25 ஆண்டு நிறைந்ததையொட்டிக் குளோவரே உட்கார்ந்து புதிதாகக் கலந்து கொடுத்த பதிப்பும் நன்றாக இருக்கும், பேஸ் கிடார் துல்லியமாகக் கேட்கும். கலந்தவர் யார் என்பதைப் பார்த்தால் அதில் ஆச்சரியமில்லை.

2024ல் இன்னொரு பெரிய பெட்டி வந்தது. பழைய டேப்புகளை எடுத்து மறுபடி புதிதாகக் கலந்திருக்கிறார்கள், நாலா பக்கமும் இருந்து ஒலி வருகிற அட்மோஸ் வடிவத்திலும் உண்டு. அந்த வேலையைச் செய்தவர் பெயர் டுவீசில் ஜாப்பா. ஆமாம், ஃபிராங்க் ஜாப்பாவின் மகன். அப்பாவுக்கு அந்த டிசம்பர் மோன்த்ரோவோடு முடியவில்லை. வாத்தியமெல்லாம் எரிந்து ஆறே நாளில், டிசம்பர் 10 அன்று லண்டன் ரெயின்போ தியேட்டரில் ரசிகன் ஒருவன் மேடையிலிருந்து பிடித்துத் தள்ளி, வாத்தியக்காரர்கள் உட்காரும் பள்ளத்தில் விழுந்து, மாதக்கணக்கில் சக்கர நாற்காலியில் இருந்தார். தொண்டையில் அடிபட்டதில் குரலே இறங்கிப்போயிற்று. அந்த வாரத்திலிருந்து அவருக்கு நல்லது என்று ஒன்றும் கிடைக்கவில்லை, பாட்டில் ஒரு வரியில் பெயர் வந்ததைத் தவிர. அந்தப் பாட்டின் டேப்பைத்தான் 50 வருடத்துக்கு மேல் கழித்து மகன் கையில் கொடுத்திருக்கிறார்கள்.